கல்லறைத் தோட்டத்துக்கு இரண்டு சாவி: ஒரு பங்கில் சாதிப் பாகுபாட்டைக் களைய எடுத்த முயற்சி

பின்னணி

தமிழ்நாட்டின் உள்மாவட்டம் ஒன்றில் உள்ள ஒரு கத்தோலிக்கப் பங்கில் (ஓர் ஆலயத்தைச் சேர்ந்த இறைமக்கள் சமூகத்தில்) ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் நடந்தவற்றின் பதிவு இது. ஆட்களும் ஊரும் அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. நடந்தவற்றின் வரிசையும் காரணங்களும் மாற்றப்படவில்லை.

பங்கில் சுமார் 640 குடும்பங்கள். அவற்றில் 410 நிலவுடைமையுள்ள ஒரே இடைநிலைச் சாதியைச் சேர்ந்தவை. ஆலயத்தைச் சுற்றியுள்ள மூன்று தெருக்களில் வாழ்கின்றன. மீதி 230 தலித் குடும்பங்கள் வாய்க்காலுக்கு அப்பால், பங்குப் பதிவேடுகளில் 'காலனி' என்று எழுதப்பட்ட பகுதியில் இருக்கின்றன. அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல்லை நீக்குவதாகத் தமிழ்நாடு அரசு 2025-இல் அறிவித்தது. பங்குப் பதிவேட்டில் அது இன்னும் நிற்கிறது. இங்கே அந்தப் பகுதியைக் கிழக்குத் தெரு என்றும், மற்ற மூன்றையும் ஊர்த்தெரு என்றும் குறிப்பிடுகிறோம்.

ஆலயத்துக்குள் பார்த்தால் பாகுபாடு எதுவும் கண்ணில் படாது. தனி இருக்கை வரிசை எடுபட்டு ஒரு தலைமுறைக்கு மேலாகிவிட்டது. நற்கருணைக்கு எல்லோரும் ஒரே வரிசையில்தான் வருகிறார்கள். வெளியே வந்தால் நிலைமை வேறு. 1.1 ஏக்கர் கல்லறைத் தோட்டத்தின் குறுக்கே நான்கடி உயரச் சுவர். வடக்கே மேட்டு நிலம், ஊர்த்தெருவுக்கு. தெற்கே வாய்க்காலை ஒட்டிய தாழ்வான கால் பங்கு, கிழக்குத் தெருவுக்கு. இரண்டு வாசல், இரண்டு தூம்பா (இறந்தவரைச் சுமந்து செல்லும் பெட்டி). வடக்கு வாசலின் சாவி ஊர்ப் பெரியவர் ஒருவர் வீட்டில். தெற்கு வாசலுக்குப் பூட்டே கிடையாது.

திருவிழா வரி ஊர்த்தெருவில் மட்டும் வாங்கப்பட்டது, குடும்பத்துக்கு 1,500 ரூபாய். கிழக்குத் தெருவுக்கு வரி இல்லை. 'ஏழைகளிடம் வாங்குவதில்லை' என்று இதைச் சலுகையாகச் சொல்வது வழக்கம். வரிப் புத்தகத்தில் பெயர் இல்லாதவருக்குத் திருவிழாக் குழுவில் இடமில்லை, நவநாள் உபயம் (ஒன்பது நாள் வழிபாட்டில் ஒரு நாளை ஏற்று நடத்துவது) இல்லை, தேர் எந்தத் தெருவில் போக வேண்டும் என்று கேட்கும் வாயும் இல்லை. இந்தப் பங்கில் சாதி இயங்கிய முறையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு புத்தகம் போதும்.

இது ஒரு பங்கின் விசித்திரம் அல்ல. கல்கத்தா ஆங்கிலிக்க ஆயர் டேனியல் வில்சன் 1833-இல் சாதி வேறுபாட்டை உடனே கைவிடும்படி சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சைப் பகுதியிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிகளைப் பிரித்திருந்த தடுப்பை 1910-இல் மறைமாவட்டம் அகற்றியபோது, தனியிடம் தங்கள் உரிமை என்றவர்கள் வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் வரை கொண்டுபோய்த் தோற்றார்கள். எறையூரில் 2008 மார்ச்சில், தலித் கிறிஸ்தவர்கள் சம உரிமை கேட்டதைத் தொடர்ந்து நடந்த மோதலும் காவல்துறைத் துப்பாக்கிச் சூடும் இரண்டு உயிர்களைக் கொண்டுபோயின. இந்தப் பங்கில் எடுத்த ஒவ்வொரு முடிவின் பின்னாலும் எறையூரைப் பற்றிய அச்சம் இருந்தது.

தொடக்கம்: ஒரு நவம்பர் மாத அடக்கம்

தொடர் மழை. கிழக்குத் தெருவில் ஒரு மூதாட்டி இறந்தார். தெற்குப் பகுதியில் மூன்றடி தோண்டியதும் நீர் ஊறியது. இரண்டாவது இடத்திலும் அதே கதை. வடக்குப் பகுதியில் ஓர் ஓரமாக அடக்கம் செய்ய அனுமதி கேட்டார்கள். சாவி வைத்திருந்தவர் தனியாக முடிவெடுக்க முடியாது, தெருக் கூட்டம் போட வேண்டும் என்றார். கூட்டம் நடக்கவில்லை. மறுநாள் பிற்பகல் வரை உடல் வீட்டு வாசலில் காத்திருந்தது. கடைசியில் டிராக்டரில் மண் அடித்துத் தெற்குப் பகுதியிலேயே ஒரு மேடு கட்டி அதில் புதைத்தார்கள்.

இறந்தவரின் மகள் வெளியூரில் செவிலியர். ஒரு பக்கத்தில் கடிதம் எழுதி ஆயருக்கு அனுப்பி, நகலைப் பங்குத்தந்தைக்கும் கொடுத்தார். கடிதத்தில் மூன்று கேள்விகளே இருந்தன: சுவர் கட்ட யார் அனுமதி கொடுத்தார்கள்? சாவி ஏன் ஒரு வீட்டில் இருக்கிறது? கல்லறைத் தோட்டம் யார் பெயரில் இருக்கிறது? பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்த மூன்று கேள்விகள்தான் சட்டகம் ஆயின. மனக்குறையைச் சொல்லாமல் ஆவணத்தைக் கேட்டதால், ஆறுதல் வார்த்தை சொல்லி முடித்துவிட முடியாத கடிதமாக அது அமைந்தது.

முதல் முயற்சியும் அது வீணானதும்

அடுத்த ஞாயிறு மறையுரையில் பங்குத்தந்தை யாக்கோபு திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்தார். பொன் மோதிரம் அணிந்து வருபவருக்கு நல்ல இருக்கை, அழுக்கு உடையில் வருபவருக்குக் கால்மணை அருகில் இடம் என்று பாகுபாடு காட்டுவதைக் கண்டிக்கும் பகுதி. கல்லறைச் சுவரையும் நேரடியாகவே குறிப்பிட்டார். கிறிஸ்து பிறப்பு விழாவை ஒட்டிச் சமபந்தி ஏற்பாடானது.

மறையுரை முடிவதற்குள் ஊர்த்தெரு ஆண்களில் ஒரு பகுதியினர் எழுந்து வெளியே போனார்கள். சமபந்திக்கு ஊர்த்தெருவிலிருந்து நாற்பது குடும்பங்கள்கூட வரவில்லை. வந்தவர்கள் அருகருகே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பினார்கள். புகைப்படம் மறைமாவட்ட இதழுக்குப் போனது. சாவி இருந்த இடத்திலேயே இருந்தது. கிழக்குத் தெருப் பெண் ஒருவர் பங்குத்தந்தையிடம் சொன்னது பங்குப் பேரவையின் (பங்கின் ஆலோசனைக் குழு) குறிப்பிலும் பதிவாகியிருக்கிறது: "சோறு எங்க வீட்டுலயும் இருக்கு சாமி. நாங்க குழிக்கு இடம் கேட்டோம்."

தோல்விக்குக் காரணம் எளிது. கேட்கப்பட்டது ஒன்று, கொடுக்கப்பட்டது வேறு. மறையுரைக்கு எந்தத் தரவும் துணை நிற்கவில்லை. 'எல்லாம் பழைய வழக்கம், ஆவணப்படிதான் நடக்கிறது' என்று ஊர்த்தெருவினர் சொன்னபோது மறுக்கப் பங்குத்தந்தையிடம் ஒரு காகிதம் இல்லை. அதைவிடப் பெரிய பிழை, முடிவெடுக்கும் அமைப்பைத் தொடாமல் மனமாற்றத்தை மட்டும் எதிர்பார்த்தது. அப்போது நிதிக்குழுவில் ஒன்பது பேர், ஒன்பது பேரும் ஊர்த்தெரு.

பதிவேடுகளைத் திறந்தது

மறைமாவட்டம் ஆறு பேர் கொண்ட குழுவை அமைத்தது: பங்குத்தந்தை, ஊர்த்தெருவிலிருந்து இருவர், கிழக்குத் தெருவிலிருந்து இருவர் (ஒருவர் பெண்), பக்கத்துப் பங்கில் பணியாற்றும் அருட்சகோதரி ஒருவர். பத்து வாரம் கொடுக்கப்பட்டது. குழுவுக்கு ஒரே விதி: கருத்து எழுதக் கூடாது, எண்ணி எழுத வேண்டும்.

பங்குப் பதிவேட்டில் சாதி எழுதும் பத்தி இல்லை. புதிதாகப் படிவம் அச்சிட்டுச் சாதியைக் கேட்கலாம் என்று வந்த யோசனை தள்ளப்பட்டது. கேட்ட அன்றே ஊரில் சண்டை மூளும், கிடைக்கும் விடையையும் நம்ப முடியாது. பதிவேட்டில் முகவரிப் பத்தி உண்டு. தெருவை வைத்தே கணக்கெடுத்தார்கள். கலப்பு மணம் செய்து தெரு மாறிய ஏழு குடும்பங்களைத் தனியே ஒதுக்கிவிட்டார்கள்.

இறந்தோர் பதிவேட்டில் 15 ஆண்டுகளில் 297 அடக்கம்: வடக்கில் 188, தெற்கில் 109. ஓர் அடக்கம்கூடச் சுவரைத் தாண்டவில்லை. தோட்டத்தின் கால் பங்கு நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட உடல்கள். அந்தக் கால் பங்கிலும் பாதி மழைக்காலத்தில் பயன்படாது. வடக்கிலோ செங்கல், பளிங்குக் கட்டடக் கல்லறைகள் ஏறக்குறைய பாதி இடத்தை நிரந்தரமாக அடைத்திருந்தன. ஒரு குழிக்கு ஒன்பதடிக்கு ஐந்தடி என்று எடுத்து, பாதைக்கு விட்டாலும், மொத்தத் தோட்டத்தில் 900 குழிக்கு இடம் உண்டு. இடப் பற்றாக்குறை என்ற வாதம் அந்தக் கூட்டலோடு முடிந்தது.

பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கின் பன்னிருவர் பட்டியலில் பத்து ஆண்டுகளாக இருவர் மட்டும் கிழக்குத் தெரு, பெரும்பாலும் அதே இருவர். ஞாயிறு வாசகர் 24 பேரில் மூவர். பங்குப் பள்ளியின் 14 ஆசிரியர் பணியிடங்களில் இருவர். துப்புரவுப் பணியாளர் இருவருமே கிழக்குத் தெரு. குழுவிலிருந்த ஊர்த்தெரு உறுப்பினர் ஒருவரை அசைத்தது பள்ளிக் கணக்குதான். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், அந்தப் பள்ளியிலேயே படித்தவர். அதுவரை 'சின்ன விஷயத்தைப் பெரிசாக்குறாங்க' என்று சொல்லிவந்தவர் அதன்பின் அப்படிச் சொல்லவில்லை.

இறந்த மூதாட்டியின் மகள் கேட்ட கேள்விகளுக்கும் விடை கிடைத்தது. பட்டா மறைமாவட்டத்தின் பெயரில் இருந்தது. வட்டாட்சியர் அலுவலகத்தில் எடுத்த புல வரைபடத்தில் தோட்டம் முழுவதும் ஒரே புல எண், உட்பிரிவு எதுவும் இல்லை. சுவருக்கு எந்தக் காலத்திலும் எழுத்து அனுமதி கொடுக்கப்படவில்லை. செலவுக் கணக்கு மட்டும் ஒரு பழைய திருவிழாப் புத்தகத்தில் அகப்பட்டது: மாடு நுழையாமலிருக்க என்ற காரணத்தோடு, 'தற்போதைக்கு' என்ற சொல்லோடு.

கற்பித்தல்: தவக்காலத்தில் ஆறு வாரம்

அறிக்கை கையில் வந்தபின்தான் மறைக்கல்வி தொடங்கியது. அன்பியங்கள் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழுக்கள்) வழியாக ஆறு வாரம், வாரம் 75 நிமிடம். வழிநடத்துவோர் இரண்டிரண்டு பேராக, தெருவுக்கு ஒருவர் என்ற கணக்கில், இரண்டு நாள் பயிற்சி பெற்றார்கள். ஒவ்வொரு வாரமும் ஒரு விவிலியப் பகுதியும் அறிக்கையிலிருந்து ஓர் எண்ணும் சேர்ந்தே வைக்கப்பட்டன. தனியாக விவிலியம் வாசித்தால் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். தனியாக எண்ணைச் சொன்னால் இது அரசியல் என்பார்கள்.

அதிகம் பேசப்பட்ட பகுதி திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரம். அன்றாடப் பங்கீட்டில் தங்கள் கைம்பெண்கள் விடுபடுகிறார்கள் என்று கிரேக்க மொழி பேசுவோர் முறையிடுகிறார்கள். திருத்தூதர்கள் முறையீட்டை மறுக்கவில்லை, சமபந்தியும் போடவில்லை. பங்கீட்டுப் பொறுப்பையே ஏழு பேரிடம் ஒப்படைக்கிறார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா என அந்த ஏழும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்டவர்கள் பக்கத்திலிருந்தே ஆட்களை எடுத்திருக்கிறார்கள். இதன் பக்கத்தில் நிதிக்குழுவின் ஒன்பது பெயர்களை வைத்தபோது விளக்கவுரை தேவைப்படவில்லை.

கலாத்தியர் 2:11-14 இன்னொன்று. பிற இனத்தாரோடு உண்டுவந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியிலிருந்து விலகிக்கொள்கிறார். பவுல் எல்லோர் முன்னிலையிலும் கண்டிக்கிறார். 'எனக்கு ஒண்ணும் இல்ல, சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்க' என்று ஊர்த்தெருவில் அடிக்கடி கேட்ட பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமான பகுதி கிடையாது.

நான்காம் வாரம் தென்னாப்பிரிக்கா. அங்கே டச்சுச் சீர்திருத்தச் சபையின் பேரவை 1857-இல், எல்லோரும் ஒன்றாக வழிபடுவதே விவிலியப்படி சரி என்று ஒப்புக்கொண்டது. ஆனால் சிலருடைய பலவீனத்தை முன்னிட்டுக் வெள்ளையரல்லாத மக்களுக்குத் தனி வழிபாடு நடத்தலாம் என்றது. 1881-இல் அவர்களுக்குத் தனிச் சபையே உருவானது. அந்தச் சலுகை கொள்கையாகி, பிறகு நிறவெறிக்கு இறையியல் நியாயமாகவும் ஆனது. அதற்கு எதிரான பெல்ஹார் அறிக்கை அந்தத் தனிச் சபையிலிருந்தே 1982-இல் எழுந்து 1986-இல் ஏற்கப்பட்டது. 'சிலருடைய பலவீனம்' என்ற சொல்லையும் திருவிழாக் கணக்கின் 'தற்போதைக்கு' என்ற சொல்லையும் பக்கம் பக்கமாக எழுதிக் காட்டினார்கள்.

இந்த ஆறு வாரத்திலும் பிழைகள் நேர்ந்தன. அன்பியங்கள் தெருவாரியானவை, எனவே முதல் இரண்டு வாரமும் ஒரே சாதியினர் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டார்கள். மூன்றாம் வாரம் தெருக்களைக் கலந்தபோது யார் வீட்டில் கூடுவது என்ற கேள்வி வந்தது. கிழக்குத் தெரு வீடு ஒன்றில் கூடிய அன்று ஊர்த்தெருவினர் பலர் தண்ணீர் தம்ளரைத் தொடவில்லை. வீட்டுக்காரப் பெண் அடுத்த வாரம் வரவில்லை. அதன்பின் பள்ளி வகுப்பறைக்கு மாற்றினார்கள். சண்டை தவிர்ந்தது, பேச வேண்டிய விஷயமும் தவிர்ந்துபோனது. ஒரு குழுவில் வழிநடத்துபவர் கிழக்குத் தெருக்காரர்களை எழுப்பி, பட்ட அவமானங்களைச் சொல்லச் சொன்னார். ஒருவரின் புண்ணை இன்னொருவருக்குப் பாடப்புத்தகமாக்குவது அது. உடனே நிறுத்தப்பட்டு, 'கேட்காமல் சொன்னால் கேட்போம், சொல்லும்படி கேட்கமாட்டோம்' என்று விதி எழுதப்பட்டது.

முடிவுகளும் அவற்றின் வரிசையும்

பேரவையில் மிகக் கடுமையான விவாதம் வரிசையைப் பற்றித்தான். கிழக்குத் தெரு இளைஞர்கள் சுவரை முதலில் இடிக்கச் சொன்னார்கள். தாமதத்துக்கு இன்னொரு பெயர் மறுப்பு என்றார்கள். குழு வேறு வரிசையைத் தேர்ந்தது: அமைப்பு, வரி, சாவி, சுவர், தேர். சுவர் இடிந்தபின்னும் நிதிக்குழு பழைய கையிலேயே இருந்தால் ஒரே ஆண்டில் வேலி முளைக்கும் என்பது குழுவின் வாதம். அது சரியாகவே இருந்தது. ஆனால் சுவருக்கு வந்துசேர இருபத்தாறு மாதம் ஆனது. அதற்குள் தெற்குப் பகுதியில் இன்னும் பதினாறு அடக்கம் நடந்துவிட்டது. இளைஞர்களின் பேச்சிலும் உண்மை இருந்தது.

அமைப்பு: திருச்சபைச் சட்டத்தின் 537-ஆம் விதிப்படி ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு கட்டாயம். ஆயர் வகுக்கும் நெறிகளும் அதைக் கட்டுப்படுத்தும். அந்த வாசலைப் பயன்படுத்தி, நிதிக்குழுவிலும் திருவிழாக் குழுவிலும் தெருவாரிக் குடும்ப எண்ணிக்கைக்கு ஏற்ப இடம், செயலர்-பொருளாளர் பொறுப்பு தெரு மாறி ஈராண்டுச் சுழற்சி என்று ஆயரின் ஆணை வந்தது. பொருளாளர் பதவியைச் சேர்த்தது முக்கியம். உறுப்பினராக மட்டும் வைத்தால் கூட்டத்துக்குக் கூப்பிடாமலே கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். காசோலையில் கையெழுத்து உள்ளவரை அப்படி ஒதுக்க முடியாது.

வரி: எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே தொகை, ஒரே ரசீதுப் புத்தகம், தொடர் எண். தொகை 500 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. மேல்தொகை விருப்பக் காணிக்கை. தெருவுக்கு ஒரு ரசீதுப் புத்தகம் என்று கேட்டார்கள், மறுக்கப்பட்டது. தனிப் புத்தகம் இருந்தால் அடுத்து தனிக் கணக்கு, தனி விழா.

சாவி: பூட்டு மாற்றப்பட்டுச் சாவி பங்கு அலுவலகத்துக்கு வந்தது. இறந்த வரிசையில் வரிசை எண், குழி எண். கட்டடக் கல்லறை இனிக் கிடையாது. இரண்டடிக்கு ஒன்றரையடி கல் பலகை மட்டும். புதிதாக ஒரே தூம்பா. பழைய இரண்டும் அப்புறப்படுத்தப்பட்டன.

சட்டப் பக்கத்தையும் முன்கூட்டியே தயார் செய்தார்கள். அரசமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. 1955-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு இடுகாட்டைப் பயன்படுத்தத் தீண்டாமையின் பெயரால் தடுப்பதையும் குற்றமாக்குகிறது. பலர் நினைப்பதுபோல 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இங்கே கைகொடுக்காது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வைத்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். ஊரில் தலித், சட்டத்தில் இல்லை. அதனால்தான் திருச்சபையின் சொந்த ஆணைகளுக்கு இங்கே இவ்வளவு எடை.

அதிகாரிகள் கூட்டும் சமாதானக் கூட்டம் பற்றி ஒரு எச்சரிக்கை. அது பெரும்பாலும் 'இருக்கும் நிலை தொடரட்டும்' என்ற வாசகத்தில் முடியும். கையெழுத்துப் போட்டால் அந்தக் காகிதமே அடுத்த இருபது ஆண்டுக்கு ஆவணம். இந்தப் பங்கின் பிரதிநிதிகள் பட்டா, புல வரைபடம், ஆயரின் ஆணை, 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மக்களுக்கான கொள்கை ஆவணம் ஆகியவற்றின் நகல்களோடு போனார்கள். 'பழைய வழக்கம்' என்ற சொல் உள்ள எந்த வரைவிலும் கையெழுத்திடுவதில்லை என்று முன்னரே முடிவு செய்திருந்தார்கள். மூன்றாவது வரைவில் அந்தச் சொல் நீங்கியது.

தொடர்ந்து நடந்தவை

இரு தெருவும் சேர்ந்த புதிய திருவிழாக் குழுவை ஏற்காவிட்டால் கொடியேற்றம் இல்லை என்று ஆயர் அறிவித்தார். முதல் ஆண்டு திருவிழா நடக்கவில்லை. ஊர்த்தெருவில் சுமார் 120 குடும்பங்கள் ஞாயிறு திருப்பலியைப் புறக்கணித்தன. ஏழு மாதம் காணிக்கை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பங்குத்தந்தை இல்லத்தின் வாயில் ஒரு நாள் பூட்டப்பட்டது. பதினெட்டுக் குடும்பங்கள் வேறு சபைக்குப் போயின. அவற்றில் ஐந்து பின்னர் திரும்பின. இவையெல்லாம் எதிர்பார்த்தவைதான், மறைமாவட்டம் நிதி ஒதுக்கி வைத்திருந்தது.

எதிர்பாராதது வேறு. நடவுக் காலத்தில் கிழக்குத் தெருவினரை ஊர்த்தெரு நிலங்களில் வேலைக்குக் கூப்பிடவில்லை. வெளியூரிலிருந்து ஆட்களை வேனில் கொண்டுவந்தார்கள். முடிவெடுத்தது பேரவையும் ஆயரும்; கூலி இழந்தது அறுபது எழுபது குடும்பங்கள். பங்குக்கு வந்த நட்டத்துக்கு நிதி இருந்தது, இவர்களுக்கு இல்லை. மறைமாவட்டச் சமூகப் பணி மையம் அரிசி, மளிகைப் பொருட்களோடு வர மூன்று வாரம் ஆனது. நூறு நாள் வேலைக்கான அட்டை பலரிடம் புதுப்பிக்கப்படாமல் கிடந்தது. அதைச் சரிசெய்ய இன்னும் ஐந்து வாரம். இரண்டு குடும்பங்கள் திருப்பூருக்குப் போயின, திரும்பவில்லை. இந்த முயற்சியின் மிகப் பெரிய குறை இதுதான்.

சுவர் மூன்றாம் ஆண்டுத் தவக்காலத்தில் அகற்றப்பட்டது. இரவோடு இரவாக முடிக்கும் யோசனை நிராகரிக்கப்பட்டது: திருட்டுத்தனமாகச் செய்தால் மீண்டும் கட்டுபவர்களுக்கு நியாயம் கிடைத்துவிடும். காலை பத்து மணிக்கு, காவல்துறையினர் முன்னிலையில், மறைமாவட்டம் அமர்த்திய வெளியூர் ஒப்பந்தக்காரர் தொடங்கினார். கிழக்குத் தெருவிலிருந்து ஒருவரும் கடப்பாரை பிடிக்கவில்லை. அது வேண்டுமென்றே எடுத்த முடிவு. கைது, வழக்கு என்று வந்தால் அவர்கள் தலையில் விழக் கூடாது. இரண்டு நாட்களுக்கு முன்பே இரு பக்கத்துக் கல்லறைகள் ஒவ்வொன்றும் எண்ணிடப்பட்டுப் படமெடுக்கப்பட்டன. 'எங்க அப்பா கல்லறையை உடைச்சாங்க' என்று மறுநாளே எழுந்த புகார் அந்தப் படங்களால் அடங்கியது. தெற்குப் பகுதிக்கு மண் அடித்து ஒன்றரை அடி உயர்த்தி, வாய்க்கால் பக்கம் வடிகால் வெட்டப்பட்டது.

அதன்பின் ஊர்த்தெருவில் நடந்த முதல் மூன்று சாவும் பக்கத்துப் பங்கில் உறவினர் ஊருக்குக் கொண்டுபோகப்பட்டன. இறந்தவரோ குடும்பத்தாரோ வேறு கல்லறையைத் தேர்ந்துகொள்ளத் திருச்சபைச் சட்டம் இடம் தருகிறது, ஆகவே தடுக்கவில்லை. அதன்பிறகு பக்கத்துப் பங்கே இடமில்லை என்று சொல்லிவிட்டது. நான்காவது குடும்பம் பொது வரிசையை ஏற்றது. மனம் மாறியதாக யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. சித்திரை வெயிலில் உடலை நாற்பது கிலோமீட்டர் கொண்டுபோக முடியாது என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம்.

பதினெட்டு மாதத்தில் 31 சாவு. 27 பொது வரிசையில். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் மந்திரிப்பு (கல்லறைகளை ஆசீர்வதிக்கும் சடங்கு) ஒரே சுற்றாக நடக்கிறது. பள்ளியில் காலியான இரண்டு பணியிடங்களில் ஒன்று கிழக்குத் தெருவுக்கு வந்தது. திருமண உறவுகளில் எந்த மாற்றமும் இல்லை.

தேர் இன்னும் கிழக்குத் தெருவுக்குள் போகவில்லை. தெரு குறுகல் என்றார்கள். அளந்தார்கள்: தெரு பதினோரு அடி, தேர் ஏழரை அடி. பிறகு மின்கம்பி தாழ்வு என்றார்கள். நான்காம் ஆண்டு சிறிய சப்பரம் மட்டும் போனது. தெரு முழுக்கக் கோலம் போட்டிருந்தார்கள்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

முதலில் கூலி. வேறொரு பங்கு இதைத் தொடங்குமானால், எந்த அறிவிப்புக்கும் முன்பாகக் குறைந்தது ஒரு நடவுப் பருவத்துக்கான நிதியும், புதுப்பித்த வேலை அட்டைகளும், எந்தக் குடும்பம் யாருடைய நிலத்தை நம்பியிருக்கிறது என்ற பட்டியலும் கையில் இருக்க வேண்டும். ஊர்த்தெருவில் சிலரிடம் கடனும் வாங்கியிருப்பார்கள். அந்தக் கடன் திடீரெனத் திருப்பிக் கேட்கப்படும்.

பதிவேட்டுக் கணக்கு மறையுரைக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். முதல் மறையுரையால் ஐந்து மாதம் வீணானது. எதிர்ப்பு அணிதிரள நேரமும் கிடைத்தது.

சாவி கைமாறும்வரை சுவர் காத்திருந்தது சரி. ஆனால் தெற்கே மண் அடித்து உயர்த்தக் காத்திருக்க எந்தக் காரணமும் இல்லை. அது யாருடைய சம்மதமும் தேவைப்படாத வேலை. முதல் கோடையிலேயே செய்திருந்தால் இரண்டு மழைக்காலத் துயரங்கள் குறைந்திருக்கும். சுவரை நிலைக்கவைப்பது போலாகிவிடும் என்று குழு தயங்கியது. நீர் ஊறும் குழியின் முன் நின்ற யாரையும் அந்தத் தயக்கம் பற்றிக் கேட்கவில்லை.

குழுவில் ஊர்த்தெருப் பெண்கள் ஒருவர்கூட இல்லை. புறக்கணிப்புக் காலத்தில் பக்கத்துப் பங்குக்குத் திருப்பலிக்கு நடந்துபோனவர்கள் அவர்கள்தான்; வீட்டில் பேச்சை முதலில் மாற்றியவர்களிலும் பலர் அவர்களே.

முயற்சியின் நடுவில், மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில், பங்குத்தந்தைக்கு வழக்கமான இடமாற்றம் வந்தது. புதியவர் வந்த முதல் மாதமே பழைய ரசீதுப் புத்தகத்தோடு ஒரு குழு அவரைப் பார்க்கப் போனது. ஆயரின் ஆணையும் குழி வரிசைப் படமும் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் எழுதப்பட்டிருந்ததால் அவர் அதை வாங்கவில்லை. சாவியின் மாற்றுப் பிரதி இப்போது, பல பங்குகளை மேற்பார்க்கும் மறைவட்ட முதல்வர் அலுவலகத்தில் இருக்கிறது. தேர்ப் பாதை அடுத்த பேரவைக் கூட்டத்தின் முதல் பொருள். மின்கம்பியை உயர்த்துவதற்கான கட்டணத்தைக் கிழக்குத் தெருவினர் மின்வாரியத்தில் ஏற்கெனவே கட்டிவிட்டார்கள்.